புயல் நேரத்துப் புள்ளிகள்

மே 6, திங்கள்

கோடைப் பயிற்சிக்கு மாணவர்கள் வந்துவிட்டார்கள். கருத்தரங்கக் கூடத்தில் வரவேற்பு, ஆறிப்போன கட்லெட், டைரக்டர் உரை. பயன்பாட்டுக் கணிதம் நாட்டுக்கு என்னவெல்லாம் செய்யும் என்று குமரகுரு நெடுநேரம் பேசினார். பின்னால் திரையில் வழக்கம்போல அந்தப் படம். நீலக் கோடு, எங்கள் சூத்திரம் கணித்த கடல்மட்டம். சிவப்புப் புள்ளிகள், அந்தப் பெரும்புயலின்போது துறைமுகத்துக் கருவி அளந்த கடல்மட்டம். உச்ச நேரத்து ஒவ்வொரு புள்ளியும் கோட்டின் மேல் சொல்லிவைத்தாற்போல் உட்கார்ந்திருக்கும். இதே படம் வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளும் தொங்குகிறது.

குமரகுருவும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இன்று அவர் பேசுகிறார், நான் கைதட்டுகிறேன்.

யாருக்கு எந்த மாணவர் என்று சீட்டுக் குலுக்குவதாகப் பெயர். பெரிய நிறுவனங்களில் படித்தவர்களின் சீட்டு மட்டும் எல்லா வருடமும் அதே மூன்று பேர் கைக்கு எப்படிப் போகிறது என்பதற்கு நிகழ்தகவுக் கோட்பாட்டில் விளக்கம் இல்லை. எனக்கு வந்த சீட்டில் செண்பகக்கனி என்று இருந்தது. எம்.எஸ்ஸி. கணிதம் முடித்தவள். விளாத்திகுளம் பக்கம்.

"புரோகிராம் எழுத வருமாம்மா?"

"வரும் சார். காலேஜ்ல கம்ப்யூட்டர் கம்மி. அதனால பேப்பர்ல எழுதி, மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துட்டுத்தான் டைப் அடிப்பேன். தப்பு கொஞ்சமாத்தான் வரும்."

இப்படியெல்லாம் சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மே 7, செவ்வாய்

கேஸ் தீர்ந்துவிட்டது. இரண்டு வேளையும் கேன்டீன்.

மே 9, வியாழன்

தப்பு உண்மையாகவே கொஞ்சமாகத்தான் வருகிறது.

பயிற்சி முடிவில் ஒரே ஒரு மாணவரை இரண்டு வருட ஆராய்ச்சி உதவியாளராக எடுப்பார்கள். அதற்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டாள். கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்றேன்.

"அப்பா பி.எட்.டுக்கு சீட்டு சொல்லி வச்சிருக்காக. ஜூலை மொத வாரத்துல சேந்துரணும்."

"டீச்சர் வேலை நல்ல வேலைதானே?"

"நல்ல வேலைதான் சார். ஆனா அதுல விடையெல்லாம் புத்தகத்துக்குப் பின்னாடியே இருக்கும்லா."

சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேஜை வெங்கடரமணி திரும்பிப் பார்த்தார். நான் சிரித்து அவர் பார்த்ததில்லை போலும்.

மாலையில் அலமாரியிலிருந்த புயல் அறிக்கையைப் புரட்டினாள். "இதுல உங்க பேரு எங்க சார்?" என்றாள். கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். நன்றி என்ற தலைப்பின் கீழே ஆறாவது பெயர், ஜீப் டிரைவருக்கு அடுத்தது. அட்டையில் இருப்பது குமரகுருவின் பெயர் மட்டும். அந்தச் சூத்திரத்தின் கரையோரப் பகுதியை எழுதியது நான். என் கல்யாணத்துக்குக்கூட இரண்டே நாள் விடுப்பில் போய்விட்டுத் திரும்பி வந்து எழுதினேன். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. சுருக்கமாகச் சொன்னேன்.

மே 12, ஞாயிறு

கோமதிக்குப் போன் செய்தேன். நம் கட்டட மொட்டைமாடியில் புது டவர் வைத்தபிறகு வீட்டின் எந்த மூலையில் நின்றாலும் குரல் துல்லியமாகக் கேட்கிறது. பின்னணியில் பேத்தி பாத்திரத்தை உருட்டுவதுகூடக் கேட்டது. எங்கள் மகளுக்கு ஒத்தாசையாகத் தீபாவளிக்கு மறுநாள் கோயம்புத்தூர் போனவள். பேத்தியைப் பள்ளியில் சேர்த்ததும் வந்துவிடுவாள்.

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு."

"வேறென்ன?"

வேறு ஒன்றும் இல்லாததால் செண்பகக்கனியைப் பற்றிச் சொன்னேன், அந்தப் புத்தகத்துப் பின்பக்க விடையை. கோமதி சத்தமாகச் சிரித்தாள். கேட்டு நாளாயிற்று. "நல்ல புள்ளையா இருக்கும்போல. நல்லபடியா ஒண்ணு பண்ணிக்குடுங்க அதுக்கு" என்றாள்.

மே 15, புதன்

எங்கள் சூத்திரத்தைப் புதிய கணினியில் ஓட்டிப் பார்க்க ஏதாவது பழைய அளவீடுகள் வேண்டும். எத்தனையோ புயல்களின் கோப்புகள் இருக்கின்றன. பெரும்புயலின் கோப்பை எடுத்துக் கொடுத்தேன். கைக்கு எட்டியதைக் கொடுத்தேன், வேறு காரணம் இல்லை.

மே 20, திங்கள்

ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய்த் திரும்பியவள் ஒரு பை மிளகாய் வத்தல் கொண்டுவந்தாள். "எங்க கரிசக்காட்டு வத்தல் சார். அம்மா குடுத்துவிட்டாக. காரம் சாஸ்தி, பாத்துப் போடச் சொன்னாக." வீட்டில் சமைக்க ஆள் இல்லை என்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன்.

மே 24, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டாள். ஒரு மாதமாவது ஆகும் என்று நினைத்தேன்.

மதியம் சாப்பிடப் போகாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போனதும் சொன்னாள். "சார், ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்கக்கூடாது. புயலுக்கு முந்துன நாள் பாத்தா புள்ளியெல்லாம் மேலயும் கீழயும் துள்ளுது. அலை அடிக்கும்லா, அதனால துள்ளும். புயலுக்கு மறுநாளும் துள்ளுது. நடுவுல, புயல் உச்சத்துல இருக்கப்ப மட்டும் ஒரு துள்ளல்கூட இல்ல. வழுவழுன்னு போவுது. புயல் அடிக்கும்போது மட்டும் கடல் எப்படி சார் இவ்வளவு அமைதியா இருந்துச்சு?"

"நீ என்ன நினைக்கிற?"

"அது கடல் இல்ல சார். அது நம்ம சூத்திரம்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

நடந்தது இதுதான். அந்தப் புயல் துறைமுகத்துக் கருவியையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மறுநாள்தான் வேறு கருவி வைத்தார்கள். உச்ச நேரத்து அளவு உலகத்தில் யாரிடமும் இல்லை. வரிசையில் ஓட்டை இருந்தால் கணக்கு ஓடாது என்பதால், எங்கள் சூத்திரம் கொடுத்த விடைகளையே எடுத்து ஓட்டைகளில் நிரப்பினேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 9 என்று குறி போட்டேன். அளந்ததல்ல, நிரப்பியது என்று அதற்குப் பொருள். அறிக்கைக்குப் படம் போட்டபோது குமரகுரு அந்தக் குறிகளைக் கோப்பிலிருந்தே நீக்கிவிட்டார். வேண்டுமென்றா, கவனிக்காமலா, தெரியாது. ஆக எங்கள் விடையை எங்கள் விடையோடு ஒப்பிட்டுவிட்டு, அடடா எப்படிப் பொருந்துகிறது என்று சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

படத்தைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை. நன்றிப் பக்கத்து ஆறாவது பெயரை யார் கேட்பார்கள்?

அவளிடம் இதைச் சொல்லவில்லை. "நல்லா இருக்கு, இன்னும் பாரு" என்று மட்டும் சொன்னேன். முகம் பூரித்துப் போயிற்று.

மே 26, ஞாயிறு

கோமதியே போன் செய்தாள். "அந்தப் புள்ள என்ன பண்ணுது?" சொன்னேன். கணக்கு புரியாவிட்டாலும், கடல் அமைதியாக இருந்த கதை புரிந்தது. "கெட்டிக்காரி" என்றாள். வத்தல் வந்ததையும் சொன்னேன். "வெயில்ல ரெண்டு நாள் காயவெச்சு டப்பால போட்டு வைங்க. நான் வந்து அரைச்சுக்கறேன்."

நான் வந்து என்றாள். எப்போது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது காரணம் சொல்லுவாள்.

ஜூன் 5, புதன்

மோட்டார் பழுது. தண்ணீர் இல்லை. வத்தலைக் காயவைக்க வேண்டும்.

ஜூன் 11, செவ்வாய்

இறுதிக் கருத்தரங்குக்கு வெளியிலிருந்து நிபுணர் குழு வருகிறது. மாணவர்கள் காட்டப்போகும் ஸ்லைடுகளை வழிகாட்டி பார்த்துக் கையெழுத்துப் போட்டு டைரக்டர் அறைக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்பது இங்கே விதி.

"டைரக்டர் சார்கிட்ட இதப் பத்தி மொதல்லயே சொல்லிரலாமா சார்? பெரியவுகள்லாம் இருக்கப்ப திடீர்னு காட்டுனா சங்கடப்படுவாகள்லா?"

"முதல்லயே சொன்னா அந்த ஸ்லைட எடுத்துடச் சொல்லுவார்."

"எடுத்துருவாகளா?"

அப்போதுதான் எச்சரிக்கைக் கோட்டைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். இந்தச் சூத்திரத்தை வைத்துத்தான் கரையோர ஊர்களுக்குக் கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்குக் கடல் பக்கம் இருப்பவர்கள் புயல் வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மறுபக்கம் இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கலாம். கோடு சரியாகவும் இருக்கலாம். யாரும் சோதிக்கவில்லை என்பதுதான் விஷயம்.

"அப்ப மறுபக்கம் இருக்கவுக, சார்? இத்தன வருஷமா நம்பிக்கிட்டுத்தான இருக்காக?"

"அதைத்தான் குழு முன்னால கேக்கணும். நான் கையெழுத்துப் போடறதுல அந்தப் படம் வேண்டாம். அன்னிக்குக் காலையில கடைசியா சேத்துக்கோ."

நோட்டில் குறித்துக்கொண்டாள். பிறகு, "நீங்க இருப்பீகள்லா சார்?" என்றாள்.

"இரண்டாவது வரிசையில இருப்பேன்."

ஜூன் 16, ஞாயிறு

கோமதியிடம் வரப்போகும் வியாழன் கருத்தரங்கைப் பற்றிச் சொன்னேன். குமரகுருவின் முகம் எப்படிப் போகும் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன் போல. குறுக்கே வெட்டினாள்.

"இது அந்தப் புள்ளைக்காகப் பண்றதா, குமரகுருவுக்காகவா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஏனுங்க, இத்தன வருஷமா நீங்க என்கூடவா குடும்பம் நடத்துனீங்க? அந்தக் குமரகுருகூடத்தான நடத்துனீங்க? காலைல காபியோட அவரு பேச்சு, ராத்திரி சோத்தோட அவரு பேச்சு. இப்ப அந்தச் சின்னப்புள்ளையையும் கூட்டிவெச்சுட்டு நடத்தறீங்க."

கோயம்புத்தூரில் இந்த மாதம் வெக்கை அதிகம். அவளுக்கு வெக்கை ஒத்துக்கொள்வதில்லை.

ஜூன் 20, வியாழன்

செண்பகக்கனி நிதானமாகத்தான் பேசினாள். முதலில் குரல் நடுங்கியது, பிறகு சரியாகிவிட்டது. கடைசியில் அந்தப் படத்தைப் போட்டாள். நீலக் கோடு, சிவப்புப் புள்ளிகள். உச்ச நேரத்துப் புள்ளிகளைச் சுற்றி ஒரு வட்டம். "இது அளந்தது இல்லைன்னு நான் நெனைக்கேன்" என்றாள்.

குழுவில் இருந்த பெண் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "திரும்ப ஒரு தடவை சொல்லும்மா, மெதுவா" என்றார். இன்னொரு முறை சொன்னாள். பேராசிரியர் குமரகுருவைப் பார்த்தார்.

இத்தனை வருடமாக இந்த நிமிடத்தை எப்படியெல்லாமோ கற்பனை செய்திருக்கிறேன். குமரகுருவின் முகம் எப்படியும் போகவில்லை. புன்னகையோடு எழுந்தார்.

"நல்ல கவனிப்பு. பாக்க வேண்டிய விஷயம், பாப்போம். ஆனா எனக்கு வந்த ஸ்லைடுல இது இல்லையேம்மா. உங்க கைடு இதைப் பாத்தாரா?"

செண்பகக்கனி இரண்டாவது வரிசைப் பக்கம் திரும்பினாள். நான் அப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு நாலடிக்கு மேல் முகம் தெரியாது. அதனால் அவள் எப்படிப் பார்த்தாள் என்று எழுத இயலவில்லை.

"இல்ல சார். நானாத்தான் இன்னைக்குக் காலையில சேத்தேன். யாரும் சொல்லல."

கண்ணாடியில் அழுக்கு ஒன்றும் இல்லை. பழக்கம்.

ஜூன் 21, வெள்ளி

அவள் வழக்கம்போல வந்தாள். வேலை செய்தாள். நேற்றைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. மாலையில் கிளம்பும்போது, "செலக்ஷன் எப்ப சார் சொல்லுவாக?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 24, திங்கள்

குமரகுரு அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"உக்காரு நமச்சி."

நமச்சி என்று அவர் என்னைக் கூப்பிட்டுப் பல வருடம் ஆகிறது. நமச்சிவாயம், மிஸ்டர் நமச்சிவாயம், மற்ற உறுப்பினர்கள் என்றெல்லாம் ஆகிவிட்டிருந்தேன். காபி வந்தது.

"அந்த ஒன்பது போட்டது நீதானே?"

"எடுத்தது நீ."

"எடுத்தது எனக்கே ஞாபகம் இல்லடா. சத்தியமா. படம் அழகா வந்துச்சு, சந்தோஷத்துல ஓடிட்டேன். நீ சொல்லியிருக்கலாமே?"

"நீ கேட்டிருக்கலாம்."

கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்துவிட்டார். நேற்றுவரை நான் அதைக் கவனித்ததில்லை.

"சரி. யாரு எடுத்தா, யாரு சும்மா இருந்தான்னு கமிஷன் வெச்சா ரெண்டு பேருக்கும் நல்லதில்ல. புதுசா போடுவோம். வேற புயல்களோட அளவு இருக்கு, எல்லாத்தையும் வெச்சு சோதிப்போம். கோட்டையும் திருத்துவோம். நம்ம பிரிவே உள்ளுக்குள்ள சரிபாத்துக் கண்டுபிடிச்சதா இருக்கட்டும். அட்டையில ரெண்டு பேரு. என் பேரு, உன் பேரு."

காபியை ஒரு வாய் குடித்தேன்.

"அப்புறம் அந்தப் பொண்ணு. வெளியிலேருந்து வந்த மேடம் அவளுக்குத்தான் அதிக மார்க் போட்டிருக்காங்க. ஆனா அவ இங்க இருந்தா, இதை யாரு கண்டுபிடிச்சான்னு பேச்சு வந்துகிட்டே இருக்கும். விதியும் மீறியிருக்கா. கைடு நீ. நீ பாத்துக் கையெழுத்துப் போட்டதுதான்னு எழுதிக் குடுத்தா நான் அவள எடுத்துக்கறேன். இல்லன்னா அடுத்த பையன். நீ என்ன சொல்ற?"

காபியை முடித்தேன்.

"நான் கையெழுத்துப் போட்டதுல அந்தப் படம் இல்ல" என்றேன்.

அது முழுக்க உண்மை.

ஜூன் 25, செவ்வாய்

மோட்டார் சரியாகிவிட்டது.

ஜூன் 28, வெள்ளி

தேர்வுப் பட்டியல் ஒட்டினார்கள். வெங்கடரமணியின் மாணவன். நல்ல பையன்தான்.

சான்றிதழில் கையெழுத்து வாங்க வந்தாள். கையில் பெட்டி, தோளில் பை. ரயிலுக்கு நேரம் இருந்தும் உட்காரவில்லை. போட்டுக் கொடுத்தேன். 'மிக நன்று' என்றே எழுதியிருந்தேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா சார்?"

வேலையைப் பற்றித்தான் கேட்கப்போகிறாள் என்று நினைத்து, நிர்வாகம், ஒதுக்கீடு என்று சில வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன்.

"அந்தப் புள்ளி விஷயத்த எங்கம்மாகிட்டச் சொன்னேன். நானே கண்டுபிடிச்சேன்னு. அவுகளுக்கு ஒண்ணும் புரியல, ஆனா தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாக. அது நான் கண்டுபிடிச்சதுதான சார்?"

அவள்தான் கண்டுபிடித்தாள். நான் கோப்பைத்தான் கொடுத்தேன். அந்தக் கேள்வியை, கடல் ஏன் அமைதியாக இருந்தது என்ற கேள்வியை, இந்தக் கட்டடத்தில் அவளுக்கு முன் யாரும் கேட்கவில்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

"எனக்கு அது முன்னாடியே தெரியும்மா" என்றேன். "பல வருஷமா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னேன்.

"ஓ" என்றாள். பெட்டியின் கைப்பிடியை மடக்கினாள், பிறகு மறுபடி நீட்டினாள். "அப்ப சரி சார். வாரேன்."

வாசல்வரை போகலாம் என்று எழுந்தேன். அதற்குள் படியிறங்கிவிட்டாள். ஜன்னலிலிருந்து பார்த்தபோது, வாசலில் தொங்கும் அந்தப் படத்தின் முன் ஒரு கணம் நின்றாள். பிறகு வெயிலில் இறங்கிப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

ஜூன் 30, ஞாயிறு

கோமதி கூப்பிட்டாள். குளித்துக்கொண்டிருந்தேன். திரும்பக் கூப்பிடவில்லை.

ஜூலை 19, வெள்ளி

புதிய அறிக்கை வேலை. குமரகுருவும் நானும் பழையபடி ஒரே மேஜையில். சூத்திரம் பல இடங்களில் கடல்மட்டத்தைக் குறைத்தே சொல்லியிருக்கிறது. எச்சரிக்கைக் கோடு உள்ளே நகர்கிறது. ஒன்பது ஊர்கள் புதிதாகச் சேரும். ஒன்பதா என்று குமரகுரு கேட்டார். இருவருமே சிரிக்கவில்லை.

நன்றிப் பக்கத்தை எழுதும் வேலை என்னுடையது. பயிற்சி மாணவர்கள் பெயரையும் போடலாமா என்று கேட்டேன்.

"போட்டா எதுக்குன்னு கேப்பாங்க. வழக்கமும் இல்லையே. உன் இஷ்டம்" என்றார்.

என் இஷ்டம்.

ஆகஸ்ட் 17, சனி

அறிக்கை அச்சாகி வந்துவிட்டது. தடித்த அட்டை. இரண்டு பெயர்கள், ஒரே அளவு எழுத்து. நமச்சிவாயம் என்பது குமரகுருவைவிட நீளம், அதனால் சற்றுப் பெரிதாகவே தெரிகிறது. வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுவந்தேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். எதிரே உட்கார்ந்து கேன்டீன் இட்லியைச் சாப்பிட்டேன்.

வத்தல் பையைத் திறந்து பார்த்தேன். பூசணம் பிடித்திருந்தது. ஒரு நாள்கூட வெயிலில் வைக்கவில்லை. குப்பைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். கை இன்னும் எரிகிறது.

மாலையில் கோமதிக்குப் போன் செய்தேன். பேத்தியைப் பள்ளியில் சேர்த்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. அறிக்கை வந்ததைச் சொன்னேன். அட்டையில் என் பெயர் இருப்பதைச் சொன்னேன்.

"நெசமாவா? சந்தோஷமுங்க" என்றாள். குரல் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. "இனியாவது மனசு ஆறுமில்ல? நான்கூட ஆவணி பொறக்குதே, ஒரு எட்டு வந்து பாக்கலாமான்னு நேத்துதான் பாப்பாகிட்டச் சொன்னேன்."

"வாயேன்" என்றேன்.

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணு அனுப்பி வெச்சீங்களா? கண்டுபிடிச்சதே அதுதான? ஆமா, அது பேரு எந்தப் பக்கத்துல போட்டிருக்கீங்க?"

பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. இந்தப் பகுதியில் டவர் சரியில்லை.